அக்காவுக்கு ஒதுக்கிய வேகம்

வடக்கனந்தலில் ஆதிமூலம் வீட்டுக்கு நெட் இழுத்த நாளிலிருந்து அதற்குப் பொறுப்பு மகன் சிவசங்கர்தான். கம்பி எந்தச் சுவர் வழியாக வரவேண்டும், ரவுட்டரை எங்கே மாட்டவேண்டும், பாஸ்வேர்டு யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது, எல்லாவற்றிலும் அவன் வைத்ததுதான் சட்டம். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், கொரோனா சமயத்தில் பெட்டியோடு ஊருக்கு வந்தான். கம்பெனி அப்புறம் கூப்பிடவேயில்லை; வீட்டிலிருந்தே செய் என்று விட்டுவிட்டது. மாடியறையில் ஒரு மேசை, இரண்டு திரை, காதில் ஹெட்செட். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அவன் மேலேதான் இருப்பான்.

கீழே மூன்று பேர். அப்பா ஆதிமூலத்துக்குக் கரும்பும் மரவள்ளியும் உண்டு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வயலை ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நெட்டில் வருகிற பழைய படங்களும் அரசியல் விவாதமும் பெரிய டிவியில் நாள் முழுக்க ஓடும். அம்மா விஜயலட்சுமி. அப்புறம் சிவசங்கரைவிட மூன்று வயது மூத்த அக்கா மணிமொழி.

மணிமொழிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. விழுப்புரத்துப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பத்தாவது வரை படித்தாள். தையல் கற்றுக்கொண்டு, வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். கல்யாண சீசனில் கச்சிராயபாளையத்திலிருந்துகூடத் துணி வரும். ஆரிப் பூவேலை வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானே பழகியிருந்தாள்.

சின்ன வயதில் அக்காவும் தம்பியும் கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே ராசியாகிவிடுவார்கள். அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள்தான். இஞ்சினியரிங் படிக்க விடுதிக்குப் போனதிலிருந்து அவனுக்கு அந்தச் சைகைகள் ஒவ்வொன்றாக மறந்தன. மறந்ததை அவன் கவனிக்கவுமில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்போது இருவரும் வாட்ஸப்பில் எழுதிக்கொண்டார்கள். “சாப்பிட வா.” “வரேன்.” அவ்வளவுதான் பேச்சு.

மணிமொழி நிஜமாகப் பேசுவது ஒரே ஒருத்தியோடு. பள்ளியில் பக்கத்துக் கட்டிலில் படுத்த சந்தியா. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே உள்ள ஒரு சிற்றூர்க்காரி. அவளுக்கும் காது கேட்காது. மாயவன் என்று நன்றாகக் காது கேட்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைத்தாள். அவள் வீட்டில் சிக்னல் கிடையாது. தினமும் சாயங்காலம் ஒன்றரை மைல் நடந்து, டவர் கிடைக்கிற ஒரு மேட்டில் வந்து நிற்பாள். ஐந்தரைக்கு மணிமொழி மெஷினை மூடிவிட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்திலும் கையிலும் விழுகிற மாதிரி உட்கார்ந்து, நூல்கண்டு டப்பாவின் மேல் ஃபோனைச் சாய்த்து வைப்பாள். பிறகு முக்கால் மணி நேரம் இருவருடைய கைகளும் ஓயாது. சிரிப்புச் சத்தம் மட்டும் சில நேரம் மாடிவரை கேட்கும்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து சந்தியா கர்ப்பமாக இருந்தாள்.

மார்ச் மாதம் சிவசங்கருக்கு வேலையில் ஒரு அவமானம் நடந்தது. பெரிய மீட்டிங்கில் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து, வாய் திறந்தபடி நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது பத்துப் பதினைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டு நெட்டை முதலில் சரி செய்யுங்கள் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று மத்தியானமே சிவசங்கர் ஃபோனில் ரவுட்டரின் செயலியைத் திறந்து உட்கார்ந்தான்.

வீட்டில் எந்தக் கருவி எவ்வளவு நெட்டை உறிஞ்சுகிறது என்பது அதில் வரிசையாகத் தெரியும். நாற்பது எம்பி என்று சொல்லிக் கொடுத்த இணைப்பு, தெருவே பயன்படுத்துகிற நேரத்தில் இருபதுக்கு வந்துவிடும். அந்த இருபதில் ஹால் டிவி மட்டும் பதினைந்தை எடுத்துக்கொண்டிருந்தது. மணிமொழியின் ஃபோன் இரண்டோ மூன்றோ. எதை மடக்க வேண்டும் என்பதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அவன் டிவியின் பெயர்மேல் விரலை வைத்தான். வைத்தவன் யோசித்தான். படம் கொஞ்சம் மங்கினாலும் அப்பா கீழேயிருந்து கத்துவார். மாடிப்படியில் கால் வலியோடு ஏறி வந்து நிற்பார். நெட்டுக்குக் காசு கட்டுவது நானா நீயா என்பார். விரலை எடுத்து இரண்டு வரி கீழே நகர்த்தி, அக்காவின் ஃபோனுக்கு வேகத்தை அரை எம்பிக்கு இறக்கினான். மெசேஜ் போகும், வரும். அதற்குமேல் அவளுக்கு எதற்கு? பாட்டா கேட்கப் போகிறாள்? இந்த வார்த்தைகளே அவன் மனசில் ஓடின. பிற்பாடு அவற்றை அவனால் மறக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அந்தக் கட்டுப்பாடு தானாக விலகுகிற மாதிரி நேரம் குறித்து வைக்கலாம். அவனுக்கு அது தெரியும். ஆனால் கிரிக்கெட் சீசன் வந்துகொண்டிருந்தது. கீழே அப்பா டிவி, மேலே அவனுடைய மேட்ச், இரண்டும் தடங்கல் இல்லாமல் ஓடின. அப்படியே விட்டுவிட்டான்.

நான்கைந்து நாளில் மணிமொழியிடமிருந்து மெசேஜ் வந்தது. “வீடியோ நிக்குது.” அவன் உடனே கீழே போனான். அவள் காட்டினாள். திரையில் சந்தியாவின் ஒரு கை நெஞ்சுக்கு நேராக அந்தரத்தில் நின்றது. விரல்கள் கட்டம் கட்டமாகச் சிதைந்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை வேறெங்கோ இருந்தது. நடுவில் என்ன சொன்னாள் என்பது போயே போயிற்று. காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும், ஒப்பேற்றிக்கொள்ளலாம். இவர்களுக்குப் படம்தான் குரல். சிவசங்கருக்கு அது அந்த நிமிஷமே உறைத்தது. உறைக்கவில்லை என்று அவன் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆனாலும் அவன் தன் ஃபோனில் வேகத்தைச் சோதித்து, வந்த எண்ணை அவளிடம் காட்டினான். நன்றாகவே இருந்தது, அவனுடைய ஃபோன் அல்லவா. “நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு. மலையில டவர் சரியில்ல” என்று எழுதினான். அவள் அந்த எண்ணைப் பார்த்தாள், தலையாட்டினாள். தம்பி படித்தவன், அவனுக்குத் தெரியாதா என்கிற தலையாட்டல்.

அவன் மாடிக்குப் போனான். இரண்டு நாளில் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். அந்த வாரம் வேலை நெருக்கடி. அடுத்த வாரம் அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் மறந்தமாதிரி இருந்தான். ஐந்தரைக்குச் சிரிப்புச் சத்தம் வருவது நின்றுபோயிருந்தது. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் ஆறரை ஏழு வரை வந்தது. சித்திரை பிறந்து, மே மாதமும் வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஆள் அரவம் கேட்டு சிவசங்கர் கதவைத் திறந்தான். மெலிந்த ஒரு பெண், வயிறு முன்னால் நன்றாகத் தள்ளியிருந்தது, முகமெல்லாம் வியர்வை. பின்னால் ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்தபடி ஒருவன். மலை பஸ்ஸில் அத்தனை வளைவும் இறங்கி, கச்சிராயபாளையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். அந்த முகம் அவனுக்குத் தெரிந்திருந்தது. உடைந்த கட்டங்களாக ஒருமுறை பார்த்திருக்கிறான்.

“மணிமொழி வூடு இதானுங்களா?” என்றான் வந்தவன். மாயவன்.

அம்மா ஓடிவந்து சந்தியாவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போய் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். முன்னறையிலிருந்து மணிமொழி எழுந்து வந்தாள், நிலைப்படியில் அப்படியே நின்றாள். சந்தியா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே மூச்சில் எதையோ கேட்டாள். கைகள் வேகமாக ஓடின, கடைசியில் நெஞ்சைத் தட்டி நின்றன. யாருக்கும் புரியவில்லை என்று கண்ட மாயவன் சொன்னான்.

“நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேக்குதுங்க. ஒன்ற மாசமா உங்க பொண்ணு மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டேங்குதாம். பாதியில கைய நிறுத்திடுதாம். கோவம்னு நெனச்சிக்கினு இது சரியா சாப்பிடுறதும் இல்ல. ஃபோனுதான் கெட்டுப்போச்சோன்னு ரெண்டு ஆட்ட வித்து வேற ஃபோனு வாங்கினேன். அதுலயும் அப்டியேதான் வருது. சரி, நேர்லயே பாத்துட்டு வந்துடலான்னு.”

மணிமொழி சந்தியாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இல்லை, இல்லை என்று கையை ஆட்டினாள். அந்த ஒரு சைகை சிவசங்கருக்கு இன்னும் நினைவில் இருந்தது. அப்புறம் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். வாரக்கணக்காகத் தேங்கியதெல்லாம் கொட்டியது. நடுநடுவே மணிமொழி அழுதாள், புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினாள். பேசுகிற கையால்தான் கண்ணீரையும் துடைக்க வேண்டியிருந்தது.

அப்பா டிவியை நிறுத்திவிட்டு, மலையில் டவர் என்றைக்குத்தான் ஒழுங்காக இருந்தது என்று மாயவனிடம் வருத்தப்பட்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா, நம்ம நெட்டு சரியாத்தான இருக்குது?”

சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. எல்லோரும் அங்கே இருந்தார்கள். சிவசங்கர் மாயவனின் கையில் இருந்த புது ஃபோனைப் பார்த்தான். திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக்கூட அவன் உரிக்கவில்லை, பழுதாகிவிடும் என்று.

“சரியாத்தாம்ப்பா இருக்குது” என்றான்.

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செயலியைத் திறந்தான். அக்காவின் ஃபோன் மேல் போட்டிருந்ததை எடுத்தான். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் டிவியின் வேகத்தைக் குறைத்தான். கீழே அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி இறங்காமல் இருந்தான். சனிக்கிழமையில் என்ன மீட்டிங் என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்கள். மறுநாள் ஐந்தரைக்கு மணிமொழி பயந்து பயந்து ஃபோனைச் சாய்த்து வைத்தாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. சந்தியாவின் விரல் நகம் வரை தெரிந்தது. முன்னறையிலிருந்து சிரிப்பு மாடிவரை கேட்டது.

அவன் எதிர்பார்க்காதது அதற்கப்புறம் வந்தது. மாயவன் குரல் பதிவு அனுப்பியிருந்தான்: நீங்க இன்னா பண்ணீங்களோ, சரியாயிடுச்சுங்க, ரொம்ப உதவிங்க. அம்மா, என் மகன்தான் சரி பண்ணினான் என்று பக்கத்து வீடுவரை சொல்லிவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேல், மணிமொழி ஒரு தட்டில் பலாச்சுளையைக் கொட்டை நீக்கி அடுக்கி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். மேசையில் வைத்துவிட்டு, அவன் உச்சந்தலையில் கையை வைத்து லேசாக அழுத்தினாள். அவன் ஸ்கூலில் ரேங்க் வாங்கி வந்தால் அவள் செய்வது அது. அவள் போனபிறகு அவனால் ஒரு சுளையைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. தட்டை அப்படியே மூடிவைத்தான். அறையெல்லாம் அந்த வாசனை இரண்டு நாள் இருந்தது.

எட்டு நாள் தாங்கினான். அவள் எதிரில் வந்தால் ஃபோனைப் பார்த்தான். மாடியிலேயே சாப்பிட்டான். ஒன்பதாம் நாள் மத்தியானம், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவன் முன்னறைக்கு இறங்கி வந்தான். மணிமொழி ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். செயலியில் பழைய மாற்றங்களின் பட்டியல் இருந்தது. அவள் ஃபோனின் பெயர், குறைத்த வேகம், குறைத்த தேதி, எடுத்த தேதி. அதை அவள் முன்னால் நீட்டினான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பெயரைப் படித்தாள், தேதியைப் படித்தாள். மெஷினிலிருந்து காலை எடுத்தாள். தன் ஃபோனில் எழுதினாள்.

“டவர் இல்லயா?”

இல்லை என்று தலையாட்டினான்.

“அப்ப டிவிக்கும் கம்மி பண்ணியா?”

“இல்ல” என்று எழுதினான்.

“உன் லேப்டாப்?”

“இல்ல.”

“ஏன் நான் மட்டும்?”

பக்கத்தில் நின்றபடியே அவன் எழுதினான், அழித்தான். மீட்டிங் என்று எழுதி அழித்தான். தெரியாமல் என்று எழுதி அதையும் அழித்தான். அவன் எழுதுகிறான், நிறுத்துகிறான் என்பது அவள் ஃபோனில் தெரிந்துகொண்டே இருந்தது. அவள் காத்திருந்தாள். கடைசியில் உள்ளதை எழுதினான்.

“நீ சத்தம் போடமாட்டன்னு.”

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்து ஒரே ஒரு சைகை செய்தாள், சின்னது. என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு ஃபோனைத் திரை தெரியாமல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜாக்கெட் கையை ஊசிக்கு அடியில் தள்ளி மெஷினை மிதித்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அவனுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மணிமொழி அவளிடம் எழுதிக் காட்டியிருந்தாள். அப்பாவுக்கும் போயிருந்தது. கத்துவார் என்று சிவசங்கர் காத்திருந்தான். அவர் கத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, “எனக்குப் பயந்துக்கினு அவ வாயக் கட்டினியா” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் வாரக்கணக்கில் அவர் ஐந்தரைக்கு டிவியை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். வேகம் போதும், வேண்டியதில்லை என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று சிவசங்கர் அம்மாவிடம் செய்து காட்டிக் கேட்டான். அம்மாவுக்குத் தெரிந்தது சோறு, தண்ணி, தூக்கம், கோவம், காய்ச்சல் என்று வீட்டுச் சைகைகள்தான். இது பள்ளிக்கூடத்துச் சைகை, தெரியாது என்றாள். தெரிந்தே மறைத்தாளோ என்று அவனுக்குச் சந்தேகம் இருந்தது. சைகை மொழி சொல்லித்தரும் வீடியோக்களில் தேடினான். அவனுக்கு அது சரியாக நினைவில்லை, கண்டுபிடிக்க முடியவில்லை. தேடப் போன இடத்தில் வேறு சைகைகளை ஒவ்வொன்றாகப் பழகினான். வேலை நடுவில் மேசைக்கு அடியில் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வான். அதையும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கமாக இருந்தது.

மணிமொழி அவனோடு மெசேஜில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஜூலையில் ஒரே ஒரு மெசேஜ் வந்தது. “சந்தியாவுக்குப் பொண்ணு. ஞாயிறு போறேன். நீயும் வா. ஆடு வித்தவங்ககிட்ட நீயே சொல்லு.”

கோமுகி அணை தாண்டி பஸ் மலை ஏறும்வரை அவள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், அவன் பின்னால். வெள்ளிமலையில் இறங்கி நடந்தார்கள். சந்தியா தினம் வந்து நின்ற மேட்டையும் தாண்டித்தான் வழி. கர்ப்பிணி இந்த ஏற்றத்தில் நடந்து வந்து, உறைந்த படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறாள். அவன் அங்கே நிற்காமல் தலையைக் குனிந்துகொண்டு கடந்தான்.

ஓட்டு வீடு. சந்தியா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாயவன் பாய் விரித்தான், மோர் கொண்டுவந்தான், அன்றைக்கு நீங்கள் செய்த உதவி என்று ஆரம்பித்தான். சிவசங்கர் மோரைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

“அண்ணே, அது உதவி இல்ல. கோளாறே நாந்தான். டவரும் இல்ல, உங்க ஃபோனும் இல்ல. என் வேலைக்காக அக்கா ஃபோன நானே கம்மி பண்ணி வெச்சிருந்தேன். நீங்க வூட்டுக்கு வந்தப்ப கேட்டுக்கினு சும்மா நின்னேன்.”

மாயவன் பாயில் உட்கார்ந்தான். மனைவியைப் பார்த்தான். அவளுக்கு அதைக் கையால் சொன்னான். நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னான். காது கேட்கிற மனிதன் எவ்வளவு சரளமாகப் பேசுகிறான் என்பதை சிவசங்கர் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு அப்புறம் கற்றுக்கொண்டதாம். எட்டு வருஷம். சிவசங்கர் அக்காவோடு இருப்பது இருபத்தொன்பது வருஷம்.

ஆட்டுக்கு ஏதாவது செய்கிறேன் என்று அவன் தொடங்கியதும் மாயவன் கையை உயர்த்தி நிறுத்தினான். “ஆட்ட உடுங்க. அது மறுபடி குட்டி போடும். இது ராத்திரியில அழுதுக்கினு கெடந்துச்சு பாருங்க, அதுதான்” என்று மனைவியைக் காட்டினான். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று சிவசங்கருக்கு இருந்தது.

அவன் சந்தியாவின் முன்னால் போய்க் குனிந்து, மன்னித்துக்கொள் என்று கையால் சொன்னான். பஸ்ஸில்கூட மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான். சந்தியா அவன் விரல்களைக் கவனித்துப் பார்த்தாள். மணிமொழி பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். மணிமொழி தம்பியைப் பார்த்துவிட்டு, பதில் சொன்னாள். கேட்டதும் தெரியவில்லை, சொன்னதும் தெரியவில்லை. பிறகு சந்தியா குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டாள். மன்னித்துவிட்டாளா, இல்லை தோழியோடு பேசுவதற்குக் கைகள் ஓய்வாக வேண்டும் என்று கொடுத்தாளா, அவனுக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். அவன் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்தபடி இருந்தான். வேகமாக, தங்குதடையில்லாமல் போயின. ‘தண்ணி’ என்று ஒன்று வந்தது, ‘அம்மா’ என்று ஒன்று வந்தது, அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாயவன் சொல்லும்வரை அவர்கள் நிறுத்தவில்லை. யாரும் அவர்களை நிறுத்தவுமில்லை.